தொப்பிக்கு ஒரு கொத்துப் புல்

எதெல்கா: இது வேணாம் ஆம்ப்ரூஷ். முள்ளம்பன்றி குந்தியிருக்கிற மாதிரி இருக்கு.

ஆம்ப்ரூஷ்: நீலப்புல்லுக்கு அதுதானே அழகு. தண்ணியே கேக்காது. நட்டமா, மறந்தமான்னு இருக்கலாம்.

எதெல்கா: கடைக்காரன் புத்தி. எது விக்காம கெடக்கோ அதைத்தான் மொதல்ல காட்டுவ.

ஆம்ப்ரூஷ்: வந்ததும் வராததுமா வம்பா? சரி, வீட்டு முன்னாடி இப்ப என்னதான் இருக்கு?

எதெல்கா: மணலு. என் வீட்டுக்காரர் வின்ட்சே வச்ச ஹைட்ராஞ்சியாச் செடி அத்தனையும் போச்சு. ஜூலைலயே கெணறு வத்திடுச்சு. குளிச்ச தண்ணிய வாளியில புடிச்சு ஊத்திப் பாத்தேன்... ம்ஹும். அவர் போயி மூணு வருஷம். இப்ப அவரு பூவும் போயிடுச்சு.

ஆம்ப்ரூஷ்: அது இந்த மணலுக்கு ஆவாதுன்னு அவன்கிட்ட தலபாடா அடிச்சுக்கிட்டேன். ‘புல்லு விக்கிறவனுக்குப் பூவோட அருமை எங்க தெரியும்’னான்.

எதெல்கா: முப்பது வருஷம் பூக்க வச்சுக் காட்டினார்ல?

ஆம்ப்ரூஷ்: காட்டினான். பந்தயத்துல எனக்கு ஒரு பாட்டில் பாலிங்கா போச்சு.

எதெல்கா: எங்க போச்சு? ரெண்டு பேரும் சேந்துதானே குடிச்சீங்க. அப்புறம் வேலியப் புடிச்சுக்கிட்டு பாட்டு வேற.

ஆம்ப்ரூஷ்: நான் பாடல. அவன்தான் பாடினான். நான் வேலியத்தான் புடிச்சேன்... இந்தா, இது ஊத்துப்புல். காத்தடிச்சா தலையாட்டும். சனிக்கிழமை வீடு பாக்க வர்றவங்களுக்கும் கண்ணுக்கு லட்சணமா இருக்கும்.

எதெல்கா: ஓ... அது உனக்குத் தெரியுமா?

ஆம்ப்ரூஷ்: உன் பொண்ணு கிங்கா போன் பண்ணினா. ‘அம்மா செகெத் டவுனுக்கு எங்களோட வந்துடறாங்க, வீட்ட விக்கிறோம், முன்பக்கம் பளிச்சுன்னு தெரியற மாதிரி ஏதாவது கொடுங்க மாமா’ன்னா.

எதெல்கா: அவ எல்லாத்துலயும் கெட்டிக்காரி.

ஆம்ப்ரூஷ்: நீயே சொல்லியிருக்கலாம்.

எதெல்கா: ...இந்தப் புல் தண்ணி குடிக்குமா?

ஆம்ப்ரூஷ்: மொத ரெண்டு கோடைக்குக் கொஞ்சம் கேக்கும்.

எதெல்கா: அப்ப வேணாம். கேக்கற ஆளுங்களுக்கெல்லாம் ஊத்தி முடிச்சாச்சு. நான் வந்ததும் என்ன கேட்டேன் உன்கிட்ட?

ஆம்ப்ரூஷ்: அதான் எடுத்துட்டு வர்றேனே. இந்தா. நீ கேட்ட அநாதைப்பொண்ணு கூந்தல் புல்லு.

எதெல்கா: இதுவா?

ஆம்ப்ரூஷ்: இதுதான்.

எதெல்கா: போய்யா. இது மெக்சிகோக்காரி. சீவாம விட்ட சணல் மாதிரி இருக்கா.

ஆம்ப்ரூஷ்: ரெண்டும் ஒரே வம்சம்தான் தாயே. யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

எதெல்கா: ஆட்டுக்காரன் மகளுக்குத் தெரியும். நம்ம ஊர்க் கூந்தல்புல் முழங்கை நீளம் வரும். கையில எடுத்தா எடுத்த மாதிரியே இருக்காது. விதை ஆட்டுத்தோலையே துளைச்சுக்கிட்டு உள்ள போகும். அப்பா சாயங்காலமெல்லாம் ஆட்ட மடியில போட்டு ஒண்ணொண்ணா புடுங்கிட்டு, அந்தப் புல்ல திட்டிக்கிட்டே இருப்பார். மறுநாள் அதையே தொப்பியில செருகிட்டு சந்தைக்குப் போவார்.

ஆம்ப்ரூஷ்: அந்தப் புல்லை இப்பப் பறிச்சா தண்டனை. சட்டம் இருக்கு.

எதெல்கா: காட்டுல பறின்னு யாரு சொன்னா? கொட்டகைக்குப் பின்னாடி ஒம்பது தொட்டி வச்சிருக்கியே, அதைக் கேக்கறேன்.

ஆம்ப்ரூஷ்: ...அங்க எதுக்குப் போன?

எதெல்கா: கை கழுவ. என் கண்ணைக் கட்டிக்கிட்டா போவேன்?

ஆம்ப்ரூஷ்: அது விக்கிறதுக்கு இல்ல.

எதெல்கா: ஏன்?

ஆம்ப்ரூஷ்: ஆமை வேகத்துல வளரும். இப்ப செப்டம்பர்ல நட்டா, நல்லாப் பூக்க ரெண்டு வருஷம் ஆவும். சனிக்கிழமை வீட்ட விக்கிறவளுக்கு ரெண்டு வருஷத்துப் புல் எதுக்கு?

எதெல்கா: நான் ஏன்னு கேட்டது அதை இல்ல.

ஆம்ப்ரூஷ்: நான் கேட்டது அதைத்தான். நீ போறதுன்னா போறேன்னு சொல்லிடு எதெல்கா. வியாழக்கிழமையானா நான் யாரோட உக்காந்து சீட்டு ஆடறது? சுவத்தோடயா? நீ ஏமாத்தற மாதிரி சுவரு ஏமாத்துமா?

எதெல்கா: நான் எப்ப ஏமாத்தினேன்?

ஆம்ப்ரூஷ்: போன வாரம்.

எதெல்கா: ...அது ஒண்ணுதான். நீ பேச்ச மாத்தாத. அந்த ஒம்பது தொட்டி யாருக்கு?

ஆம்ப்ரூஷ்: யாருக்கும் இல்ல. அது பழைய விதை.

எதெல்கா: எவ்வளவு பழசு?

ஆம்ப்ரூஷ்: அம்பத்தோரு வருஷம். நட்டு, விதை எடுத்து, மறுபடி நட்டு... அப்படியே கொண்டாந்துட்டேன்.

எதெல்கா: அம்பத்தோரு வருஷம்னா... பெந்தெகொஸ்தே திருநாள் ஆட்டம் நடந்த வருஷம்.

ஆம்ப்ரூஷ்: ம்.

எதெல்கா: மண்டபத்து வாசல்ல வரிசையா ஆணி. பசங்க தொப்பியெல்லாம் அதுல தொங்கும். எல்லாம் ஒரே கருப்பு. நாங்க பொண்ணுங்க ஒவ்வொருத்தியும் ஒரு கொத்துக் கூந்தல்புல்லைக் கட்டி எடுத்துட்டுப் போயி, மனசுக்குப் புடிச்சவன் தொப்பியில செருகணும்.

ஆம்ப்ரூஷ்: மத்தவங்க செவப்பு, பச்சைன்னு கட்டுவாங்க. நீ நீல நூல்.

எதெல்கா: செவப்பு தீந்துபோச்சு. யாரு வச்சதுன்னு பையன் கேக்கக்கூடாது. யாருக்கு வச்சேன்னு பொண்ணு சொல்லக்கூடாது. எவ சடையில அதே நூல் இருக்குன்னு பாத்துக் கண்டுபுடிச்சு, மொத ஆட்டத்துக்கு வந்து கையை நீட்டணும்.

ஆம்ப்ரூஷ்: வின்ட்சே நீட்டினான்.

எதெல்கா: வின்ட்சே நீட்டினார். தொப்பியில நீல நூலோட புல்லு ஆடிக்கிட்டிருந்துச்சு. மூஞ்சியெல்லாம் பல்லு. சாகற வரைக்கும் அந்தக் கதையச் சொல்லிட்டே இருந்தார், ‘பதினெட்டுத் தொப்பியில என் தொப்பியத் தேடி வச்சா’ன்னு.

ஆம்ப்ரூஷ்: நீயும் பக்கத்துல சிரிச்சுக்கிட்டு இருப்ப.

எதெல்கா: சிரிக்காம? நாப்பத்தாறு வருஷம் என்னைத் தங்கமா வச்சுக்கிட்டார். குறை சொன்னா நாக்கு அழுகிடும்.

ஆம்ப்ரூஷ்: நான் குறை சொல்லல. அவன மாதிரி ஒருத்தன்... அதனாலதான்...

எதெல்கா: எதனால?

ஆம்ப்ரூஷ்: விடு. ஊத்துப்புல்லையே எடுத்துட்டுப் போ. ஆறு தொட்டி போதும்.

எதெல்கா: ஆம்ப்ரூஷ்.

ஆம்ப்ரூஷ்: ...அந்த ஆட்டத்துக்கு அடுத்த வாரம் வின்ட்சே பட்டாளத்துக்குக் கெளம்பறான். ரெண்டு வருஷம். அப்பா அம்மா கெடையாது, ஒரு கடுதாசி போட நாதி கெடையாது. ஆட்டத்துக்கு வர்ற வழியெல்லாம் உன் பேருதான். ‘அவ ஒரு வார்த்தை எழுதினாப் போதும்டா, பல்லக் கடிச்சு இருந்துட்டு வந்துடுவேன்’னான். எனக்கு அம்மா இருந்தா, நாலு அக்கா இருந்தாங்க. என்னை நெனைக்க ஆளுக்குப் பஞ்சமா...

எதெல்கா: சொல்லு.

ஆம்ப்ரூஷ்: வெளிய காத்து வாங்கப் போனேன். ஆணியில பாத்தா... நீல நூல் என் தொப்பியில இருந்துச்சு.

எதெல்கா: அப்புறம்?

ஆம்ப்ரூஷ்: எடுத்து அவன் தொப்பியில வச்சுட்டேன். ஒரே ஒரு புல் இழைய மட்டும் உருவி சட்டப்பைல போட்டுக்கிட்டேன். அதுல விதை இருந்துச்சு. அந்த வம்சம்தான் அந்த ஒம்பது தொட்டி. இப்ப தெரிஞ்சுபோச்சுல்ல... திட்டணும்னா திட்டு.

எதெல்கா: உன் தொப்பி... எலி கடிச்ச தொப்பி.

ஆம்ப்ரூஷ்: ஆமா. விளிம்புல.

எதெல்கா: இடது பக்கம்.

ஆம்ப்ரூஷ்: இடது பக்கம்தான். உனக்கு எப்படி...

எதெல்கா: அந்த ஓட்டையத் தேடித்தானே செருகினேன். செருகிட்டு சமையக்கட்டுக் கதவுக்குப் பின்னாடி பொகாச்சா ரொட்டித் தட்டோட நின்னேன், உன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்க.

ஆம்ப்ரூஷ்: நீ... பாத்தியா?

எதெல்கா: பாத்தேன். எடுத்த. நூலத் தடவின. அடுத்த ஆணிக்கு மாத்தின. என்னைப் புடிக்கல, கூட்டாளி தலையில கட்டிட்டான்னு நெனச்சேன். தட்டுல இருந்த பொகாச்சா அத்தனையும் கண்ணீர்ல ஊறிப்போச்சு. இழைய உருவினதை மட்டும் நான் பாக்கல.

ஆம்ப்ரூஷ்: அம்பத்தோரு வருஷம் ஒரு வார்த்தை கேக்கலையே எதெல்கா.

எதெல்கா: எப்படிக் கேக்கறது? யாருக்கு வச்சேன்னு பொண்ணு சொல்லக்கூடாதே.

ஆம்ப்ரூஷ்: யாரு வச்சதுன்னு நானும் கேக்கக்கூடாது... நல்ல வழக்கம் வச்சாங்க போ. ...சரி. ஒம்பதையும் எடுத்துக்கோ. செகெத்துல மாடியில வச்சுக்கோ. வெயிலு மட்டும் படணும். சனிக்கிழமை வீட்டுக்கு...

எதெல்கா: சனிக்கிழமை யாரும் வரல. வேணாம்னு அவங்களுக்கு நேத்தே போன் பண்ணிட்டேன், கிங்காவுக்குக்கூட இன்னும் சொல்லல. நாளைக்குக் காலையில மண்வெட்டி எடுத்துட்டு வா, ஒம்பதையும் என் வாசல்லயே நடு. நான் காட்டற எடத்துலதான் வைக்கணும் ஆம்ப்ரூஷ். இந்தத் தடவையாவது எடுத்து மாத்தி வச்சுடாத.