நானே ஒட்டின ஸ்டிக்கர்

— எனக்கு ஞாபகம் சரியா இருக்குன்னு சத்தியம் பண்ண மாட்டேன் மாப்ளே. ஆனா டைமிங் பெல்ட் மாத்தியாச்சு. ஒரு லட்சத்து இருபத்தேழாயிரம் கிலோமீட்டர்ல. பானெட்டுக்குள்ள ஸ்டிக்கரே இருக்கு பாரு.

— ஸ்டிக்கரைப் பார்த்தேன் மாமா. பெல்ட்டையும் பார்த்தேன். இது லாரியோட கூடப் பொறந்த பெல்ட். இன்னும் மாத்தவே இல்ல.

— அதெப்படி? விக்கப்போற வண்டியாச்சே, ஒரு தடவை பார்த்துக் குடுன்னுதானே விட்டேன். நீ என்ன, குண்டைத் தூக்கிப் போடறே?

— இங்க பாருங்க, பல்லுக்குப் பல்லு விரிசல். தொட்டா நூல் நூலா வருது. யார்கிட்ட மாத்தினீங்க?

— யார்கிட்ட...

— என்ன மாமா, ஸ்டிக்கரையே துடைச்சுத் துடைச்சுப் பார்க்கறீங்க?

— இரு. அந்த ஏழைப் பாரு. நடுவுல கோடு போட்ட ஏழு.

— நம்ம குடும்பத்துல நீங்க ஒருத்தர்தான் அப்படி எழுதுவீங்க.

— நான்தான் எழுதினேன். ஆறு வருஷம் முன்னாடி ஒருத்தன் இந்த லாரியை வாங்க வந்தான். பெல்ட் மாத்தியாச்சான்னு கேட்டான். நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டு, ஸ்டிக்கர் வாங்கி எழுதி ஒட்டினேன். பழசாத் தெரியட்டும்னு கொஞ்சம் கிரீஸ்கூடத் தடவினேன். அவன் வரவே இல்ல. அப்புறம் பானெட்டைத் திறக்கறப்பல்லாம் படிச்சுப் படிச்சு... என்னத்தச் சொல்ல, நானே நம்பிட்டேன்.

— வாழ்க்கையில நீங்க ஏமாத்தின ஒரே ஆள் நீங்கதான் மாமா.

— அந்த ஆளும் சாமர்த்தியசாலி இல்ல. சரி, மாத்த எவ்வளவு?

— பெல்ட் ரெண்டாயிரம்.

— இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தே?

— அதைத் தொடணும்னா ரேடியேட்டரை இறக்கணும். ஃபேன், புல்லி எல்லாம் கழட்டணும். அவ்வளவு தூரம் போயிட்டு தண்ணி பம்பை அப்படியே விட்டா, அடுத்த மாசம் அது ஒழுகும். மறுபடி எல்லாத்தையும் கழட்டணும். பம்பு, பெல்ட்டை இறுக்குற உருளை எல்லாம் ஆறாயிரம். கூலி ஒம்பது. அவ்வளவுதான்.

— அக்கா புருஷன்னு ஏதாவது குறைக்க மாட்டியா?

— குறைச்சுதான் ஒம்பது.

— பதினேழு! மொத்த வண்டியே அறுபதுக்குத்தான் போகுது. மாத்தலேன்னா?

— ஒரு நாள் ஓடிட்டிருக்கறப்ப அறுந்துடும். வால்வு போய் பிஸ்டன்ல இடிக்கும். இன்ஜின் இரும்புக் கடைக்கு, ஓட்டுறவங்க நடுரோட்டுல. வாங்குறது யாரு?

— ஒரு பொண்ணு. நாலு மணிக்கு வரும். கைக்குழந்தை வேற.

— இப்ப ஒம்பதரை. மூடிடவா, கழட்டவா? மூடினா கால் மணி நேரம். நான் எதையும் பார்க்கல.

— ஊரார் வீட்டுச் சாமானெல்லாம் இருபது வருஷமா இந்த லாரிக் கூண்டுல ஏத்தி வீடு மாத்திக் குடுத்தேன். என் வீட்டுக் கூரையை மாத்த முடியல. மழை வந்தா உங்க அக்கா நாலு வாளி வைப்பா. எந்த வாளி நிறைஞ்சிருக்குன்னு கண்ணை மூடிட்டே சொல்வேன். எனக்குன்னு இருக்கிற ஒரே திறமை அது. அறுபதும் கூரைக்குத்தான். பதினேழு போனா பாதிக் கூரைதான் போட முடியும்.

— எந்தப் பாதி?

— உங்க அக்கா படுக்கிற பாதிதான். எனக்கு உசுரு முக்கியம்.

— மாமா? எதுக்கு மறுபடியும் அந்த ஸ்டிக்கரையே தடவிட்டிருக்கீங்க?

— போன வாரம் அந்தப் பொண்ணுகிட்ட ஸ்டிக்கரைக் காட்டினேன். நிஜம்னு நம்பித்தான் காட்டினேன். "நீங்க சொன்னா சரிதாங்க"ன்னுச்சு. என்கிட்ட இதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்ல.

— அக்கா?

— அவளுக்கு என்னைத் தெரியுமே. கழட்டு மாப்ளே. மாத்து. புது ஸ்டிக்கரை நீயே எழுது. என் கையெழுத்தை நானே நம்ப மாட்டேன்.

— முடிஞ்சுது மாமா. நாலாகப் பத்து நிமிஷம் இருக்கு. சாவியைத் திருப்புங்க.

— அடேயப்பா, சத்தமே இல்ல! இவ்வளவு நல்லா ஓடுற வண்டியை எந்த மடையன் விப்பான்?

— அந்தா, பொண்ணு வருது.

— வாம்மா, வா. குழந்தை தூங்குதா? முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அன்னிக்குக் காட்டின ஸ்டிக்கர் பொய். நான் எழுதினதுதான், எனக்கே மறந்துபோச்சு. இப்ப நிஜமாவே புது பெல்ட், புது பம்பு போட்டாச்சு. பதினேழாயிரம் செலவு. விலை அதே அறுபதுதான், பயப்படாதே. இனி ஒரு லட்சம் கிலோமீட்டர் நிம்மதியா ஓட்டலாம்.

— ஓட்டவா? எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதுங்க. ரெண்டு தெரு தள்ளி ஒரு காலி மனை வாடகைக்கு எடுத்திருக்கேன். இதை அங்க நிறுத்தி, கூண்டுக்குள்ள ஒரு நாற்காலியும் கண்ணாடியும் போட்டு, முடிவெட்டுற கடை வைக்கப் போறேன். அந்த மனை வரைக்கும் நீங்களே ஓட்டிட்டு வந்துடுங்க. போறப்ப அந்த இன்ஜினையும் கழட்டிட்டுப் போயிடுங்க. சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டிருக்கும்.