காலைத் தீவனம்

அண்ணி: மெல்ல... மெல்ல இழுப்பா! வலை அடியில தூக்குது பாரு, அந்தப் பக்கமா மீன் நழுவுது.

கொழுந்தன்: வர்றது வரும் அண்ணி. நீங்க முதல்ல இந்தப் பக்கம் திரும்புங்க.

அண்ணி: திரும்பித்தானே இருக்கேன்.

கொழுந்தன்: எங்க? பரீட்சை ரிசல்ட் பாக்கப் பயந்த பிள்ளை மாதிரி முகத்தை அங்க வச்சுக்கிட்டு...

அண்ணி: போன தடவை பாத்தது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குதுப்பா. மீனெல்லாம் தலை மட்டும் பெருசா, உடம்பு ஒட்டிப்போய்... உங்க அண்ணன் கரையில நின்னு ஒரு வார்த்தை பேசல. திட்டியிருந்தாக்கூட ஆறியிருக்கும்.

கொழுந்தன்: பேசாட்டி என்ன? இந்தத் தடவையும் இப்படின்னா குளத்தைக் குத்தகைக்கு விட்டுடறதுன்னு முடிவே பண்ணிட்டாரே.

அண்ணி: குத்தகைக்காரர் சாயங்காலம் வர்றாராம்.

கொழுந்தன்: வரட்டும். டீ குடிச்சிட்டுப் போகட்டும்.

அண்ணி: உனக்கு எல்லாமே விளையாட்டு. தீவனத்துல கருவாட்டுத் தூள் வேணாம், சோயாவுலயே வளத்துக் காட்டறேன்னு வீம்பு பிடிச்சது நான்தானே? குளம் கைவிட்டுப் போச்சுன்னா அவர் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?

கொழுந்தன்: அண்ணி...

அண்ணி: இரு, சொல்லி முடிச்சுக்கறேன்...

கொழுந்தன்: அண்ணி, இதைப் பாருங்க! முதுகைப் பாருங்க. ஒரு கையில அடங்கல.

அண்ணி: ஒண்ணு ரெண்டு அப்படி இருக்கும்ப்பா. வேற எடு.

கொழுந்தன்: இது... இதுவும்... யம்மா, இது அதுக்கும் மேல!

அண்ணி: தராசுல மாட்டு. பேசாம மாட்டு.

கொழுந்தன்: தராசு முள்ளை நீங்களே பாருங்க.

அண்ணி: அடேயப்பா, முள்ளு எங்க போய் நிக்குது!

கொழுந்தன்: என்ன, அழறீங்களா?

அண்ணி: தண்ணி தெறிச்சிடுச்சு.

கொழுந்தன்: ரெண்டு கண்ணுலயும் ஒரே நேரத்துலயா?

அண்ணி: சும்மா இருப்பா... அப்பாடா! நெஞ்சு மேல ஏறி உக்காந்திருந்த ஆள் இறங்கிப் போன மாதிரி இருக்கு.

அண்ணன்: என்ன அங்க? ரெண்டு பேரும் ஒரே கூச்சல்?

கொழுந்தன்: அண்ணே, ஓடி வராதீங்க! ஆபரேஷன் பண்ணின உடம்பு!

அண்ணன்: நடக்கறேன்டா. நடக்கச் சொன்னதே டாக்டர்தான். எங்க, காட்டு... அட! இதுவா நம்ம மீன்?

அண்ணி: இல்ல, பக்கத்துக் குளத்துல இரவல் வாங்கிட்டு வந்தோம்.

அண்ணன்: வாய் திரும்பி வந்துடுச்சு பாரு இவளுக்கு! நிஜமாவே கருவாட்டுத் தூள் ஒரு பிடிகூடச் சேக்கலையா?

அண்ணி: சேக்கல. சோயாப் புண்ணாக்கும் அந்த வெள்ளைப் பொடியும்தான்.

அண்ணன்: அதான்... வாயில நுழையாத பேரு ஒண்ணு...

அண்ணி: மெத்தியோனின். சோயாவுல அந்த அமினோ அமிலம் குறைச்சல். அது ஒண்ணு குறைஞ்சா, மத்த சத்து எவ்வளவு இருந்தாலும் மீனுக்குச் சதை பிடிக்காது. அதுக்குத்தான் தனியாக் கலக்கறோம்.

அண்ணன்: போன தடவையும் இதையேதானே கலந்தே? அப்ப ஏன் பிடிக்கல?

அண்ணி: அது... கலக்கறதுல கொஞ்சம் முன்னப்பின்ன ஆயிடுச்சு.

கொழுந்தன்: ஆமாண்ணே. தீவனம் பிழியற மிஷின் வேற சரியில்ல.

அண்ணன்: மிஷின் புதுசாச்சேடா?

கொழுந்தன்: புதுசுதான்... அதனாலதான்.

அண்ணன்: என்னமோ போங்க. ஆனா ஒண்ணு, இது பொடியால மட்டும் வந்த வளர்ச்சி இல்ல. தினம் காலையில தீவனத்தை வாளியில ஊறவச்சு, தண்ணியை வடிச்சுட்டு, பதமா எடுத்துப் போடறேன் பாரு... அங்க இருக்கு சூட்சுமம். மீனுக்கு நோகாம உள்ள இறங்கணுமில்ல?

அண்ணி: அதுல என்ன சந்தேகம்?

கொழுந்தன்: எல்லாம் உங்க கைராசிண்ணே.

அண்ணன்: டேய், சிரிக்கிறியா?

கொழுந்தன்: இருமல்ண்ணே.

அண்ணன்: கஷாயம் குடி. சரி, குத்தகைக்காரருக்கு நானே போன் போட்டு வரவேணாம்னு சொல்லிடறேன். போன் வீட்ல இருக்கு.

அண்ணி: மெதுவாப் போங்க.

அண்ணன்: போறேன், போறேன்...

கொழுந்தன்: போயிட்டாரா?

அண்ணி: மோட்டார் கொட்டகையைத் தாண்டட்டும்... ம், இப்ப பேசு.

கொழுந்தன்: இன்னும் எத்தனை நாளைக்கு அண்ணி இந்த நாடகம்? ஊறவச்சா பொடி கரைஞ்சு, வடிக்கிற தண்ணியோடயே போயிடுதுன்னு ஒரு வார்த்தை சொன்னா தீந்துது.

அண்ணி: போன தடவை மீன் இளைச்சது உங்களாலதான்னு சொல்லச் சொல்றியா? ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து சுவத்தையே பாத்துக்கிட்டுக் கிடந்த மனுஷன்ப்பா. இந்த வாளிக்காகத்தான் காலையில எழுந்திருக்கார். அதைப் பிடுங்க எனக்கு மனசு வரல. பழி என் மேலயே இருக்கட்டும்.

கொழுந்தன்: அதுக்காக அவருக்குன்னு தனியா வெறும் தவிட்டை மிஷின்ல விட்டு, தீவனம் மாதிரியே பிழிஞ்சு, அவர் டப்பாவுல ரொப்பி வச்சு... அவர் போட்டுட்டுப் போனதும் நாம ஒளிஞ்சு ஒளிஞ்சு வந்து நிஜத் தீவனத்தை ஊறவைக்காம போட்டு... சொந்தக் குளத்துலயே திருட்டுப் பொழைப்பு!

அண்ணி: உஷ்... மெதுவாப் பேசு. திரும்பி வர்றார்.

கொழுந்தன்: என்னண்ணே? எதையாவது மறந்துட்டீங்களா?

அண்ணன்: ஒண்ணுமில்ல. உங்க அண்ணிகிட்டச் சொல்லு, நாளையிலேர்ந்து அந்தத் தவிட்டை இன்னும் கொஞ்சம் கெட்டியாப் பிழியட்டும். வாளியில போட்டதுமே கூழாப் போயிடுதுடா... அதைப் பாத்தும் தெரியாத மாதிரி இருக்கறது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு.