மலையிறங்கிய வண்டி

எழில்மதி: இன்னும் புடிச்சிக்கினுதான் இருக்குது அத்தை. மொபெட்டு சக்கரத்தக் கையால சுத்தனா பாதியிலயே நின்னுடுது.

ஜெயம்மாள்: நல்லா அழுத்திச் சுத்துடி. காலையில சோறு துன்னியா இல்லியா?

எழில்மதி: என் பலத்துக்கு இன்னா கொறச்சல்? பின்னாடி பிரேக்கு வுடவே மாட்டேங்குது. கிட்ட வந்து மோந்து பாருங்க...

ஜெயம்மாள்: ஐய... கருகல் நாத்தம்!

எழில்மதி: பின்ன? மலை மேலருந்து கீழ வர்ற வரைக்கும் பிரேக்குலருந்து கால எடுக்கலன்னா கருகாம மணக்குமா?

ஜெயம்மாள்: அந்த வளைவுங்களப் பாத்தா கால எப்பிடிடி எடுக்க வரும்? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்...

எழில்மதி: அதுவும் போதாதுன்னு, பாதி மலையில பிரேக்கு புடிக்கலன்னு ஒருத்தர வுட்டு இந்த நட்ட இறுக்கினோமே. சூட்டுல இறுக்கினது. ஆறினதும் கவ்விக்கிச்சு.

ஜெயம்மாள்: அப்ப லூஸ் பண்ணு. சீக்கிரம்! உன் புருசன் இந்நேரம் சின்னசேலத்துல ரயில வுட்டு எறங்கியிருப்பான்.

எழில்மதி: அதான் அவசரப்படறேன். மலைக்குப் போனோம்னு தெரிஞ்சா வண்டிய அவரு வேலை பாக்கற சேலத்துக்கே எடுத்துக்கினு பூடுவாரு.

ஜெயம்மாள்: அப்பறம் நாம பழையபடி பஸ்சுக்கு நின்னு நின்னு காலு வீங்கணும்.

எழில்மதி: ஆனா அத்தை... அருவித் தண்ணி தலையில வுழுந்தப்ப நீங்க போட்ட கூச்சல் இருக்குதே...

ஜெயம்மாள்: இத்தினி வருசம் அடிவாரத்துலயே குடித்தனம் பண்ணிக்கினு, நேத்துதான்டி அதக் கண்ணால பாத்தேன். கத்தாம இன்னா பண்ணுவேன்?

எழில்மதி: சிரிக்க வெக்காதீங்க, ஸ்பானர் நழுவுது... ஆங், திரும்பிடுச்சி!

ஜெயம்மாள்: முழுசா கழட்டிடாதடி!

எழில்மதி: இல்ல, கொஞ்சந்தான். இப்ப சுத்தறேன், நீங்க பிரேக்க மிதிங்க... நிக்குது. வுடுங்க... பாருங்க, பாருங்க!

ஜெயம்மாள்: அடி என் தங்கமே! ராட்டினம் மாதிரி சுத்துது!

கவியரசன்: இன்னாம்மா ராட்டினம்?

ஜெயம்மாள்: கவி! வாடா... இன்னா இவ்ளோ சீக்கிரம்? காப்பி போடட்டா?

கவியரசன்: காப்பி இருக்கட்டும். எழிலு, கையெல்லாம் இன்னா கறுப்பு?

எழில்மதி: அது... சட்டி கழுவிக்கினு இருந்தேங்க.

கவியரசன்: ஸ்பானர வெச்சா?

எழில்மதி: அடிப்புடிச்சத சொரண்டறதுக்குங்க...

கவியரசன்: கச்சிராயபாளையத்துல பஸ்ச வுட்டு எறங்கனதுமே டீக்கடைக்காரரு சொல்லிட்டாரு. நேத்து நம்ம வண்டி வெள்ளிமலை ரோட்டுல போச்சாம். ரெண்டு பொம்பளைங்க, ரெண்டு ஹெல்மெட்டு.

எழில்மதி: ஏங்க, அது வந்து...

கவியரசன்: கடைத்தெருவு வரைக்கும் ஓட்டுன்னு கத்துக்குடுத்தா, எங்கம்மாவ பின்னாடி குந்த வெச்சிக்கினு மலை ஏத்துவியா? அவங்களுக்கு எதுனா ஆயிருந்தா?

எழில்மதி: இல்லீங்க... நான் ஓட்டல...

கவியரசன்: பேசாத. பின்ன வண்டி தானா போச்சா?

ஜெயம்மாள்: அவள எதுக்குடா அதட்டற? அவ பின்னாடி குந்தி, என் இடுப்பக் கட்டிக்கினு, கண்ண மூடிக்கினு, "மாரியாத்தா, மாரியாத்தா"ன்னு கத்திக்கினே வந்தா. நீ அவளுக்குக் கத்துக்குடுத்த, அவ எனக்குக் கத்துக்குடுத்தா. வண்டிய மலை ஏத்தி எறக்கனவ நான்டா!