கறுப்பு நாய்க்குச் சுகர்

இலுப்பூர் மாட்டாஸ்பத்திரி வராந்தாவில் பூனைக்கூடையோடு ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். அடுத்து ஒரு அம்மா, அவர் வீட்டுக்காரர், ரத்தம் எடுத்து முடித்த அவர்களது கறுப்பு நாய். கடைசியில் நான்.

“ஊர்ல எவனுக்குச் சனி பிடிச்சாலும் எங்க நாய்க்குத்தான் சுகர் ஏறுது” என்றார் அந்த அம்மா.

“என்னம்மா சொல்றீங்க?” என்றார் பாய்.

“கறுப்பு நாய்க்கு இனிப்பு வச்சா சனி தோஷம் போகுமாம். சனிக்கிழமையானா சக்கரைப் பொங்கலோட வாசல்ல நிக்கிறாங்க பாய். இதுக்குக் கண்ணே மங்கிப்போச்சு. நான் வெறும் கோழியை அவிச்சுப் போட்டு, ரெண்டு வேளையும் ஊசி குத்தி என்ன பிரயோசனம்?”

“கேட்டைப் பூட்டிப்போடுங்க.”

“பூட்டித்தான் கெடக்கு. இன்னிக்கும் இது வாயில வெல்லம் ஒட்டியிருக்கு.”

வீட்டுக்காரர் குனிந்து நாயின் காதைத் தடவினார்.

“நீங்களா?” என்று அந்த அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

“பயலுக்குத் துபாய் விசா வரணும்ல. ஒரு வாய்தான் வச்சேன்.”

“அப்ப ஒங்க சனியையும் இதுதான் தின்னு தீக்கணுமா?”

டாக்டர் வெளியே வந்தார். “இருநூறைத் தாண்டக் கூடாதுன்னு சொன்னேன்லம்மா?”

“இப்ப எவ்வளவு சார்?”

“நானூத்திப் பன்னெண்டு.”