தங்கையின் காய்ச்சல் மாத்திரை

எங்கள் தெருவில் யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று கேட்டாலும் சொல்வேன், சார். ஜன்னலோரம் தையல் மெஷின். கால் பாட்டுக்கு மிதிக்கும், கண் தெருவை மேயும். வம்புக்காரி என்பார்கள். அந்த வம்புதான் என் தங்கையை ஆறு வருடம் உயிரோடு வைத்திருந்தது.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து அவளுக்கு மண்ணீரல் கிழிந்துபோனது. எடுத்துவிட்டார்கள். "மண்ணீரல் இல்லாதவங்களுக்குக் காய்ச்சல்னா சாதாரணம் இல்லம்மா. இந்த மாத்திரைய உடனே போட்டுட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வரணும். சில மணி நேரத்துல உயிருக்கே ஆபத்தாயிடும்" என்றார் டாக்டர். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனப்பாடம் செய்தது நான்.

அதன்பிறகு எந்த வீட்டில் யார் இருமினாலும் எனக்குச் சேதி வந்துவிடும். எதிர்வீட்டுக்காரிக்குச் சளி என்றால் தங்கை பின்வாசல் வழியாகப் போவாள். நிமோனியா ஊசி, மூளைக்காய்ச்சல் ஊசி, வருடாவருடம் ஃப்ளூ ஊசி, ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. "சுகாதார மந்திரி வர்றாங்க, எல்லாரும் மூக்கத் தொடைங்க" என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். அவர்களுக்கென்ன, மண்ணீரல் பத்திரமாக இருக்கிறது.

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, சின்னக் குப்பியில் போட்டு, 'காய்ச்சல் வந்தால்' என்று எழுதி ஒட்டித் தருவது என் வழக்கம். மாத்திரையின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியம் வந்ததில்லை.

போன மாதம் அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது.

"அங்க யாருடி உன் நெத்தியத் தொட்டுப் பாப்பாங்க?"

"எனக்கும் கை இருக்குக்கா. கொஞ்சம் ஆள விடு தாயே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பெட்டியை நான் அடுக்கினேன். குப்பியில் வெள்ளையாக, அதே பருமனில் இருந்த சத்து மாத்திரைகளைப் போட்டேன். ஒரு காய்ச்சல் வரட்டும், கொஞ்சம் படுத்தட்டும், பயந்து வீடு திரும்பட்டும். வேறெந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

பதினெட்டாம் நாள் மத்தியானம் போன் வந்தது. "அக்கா, உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. மாத்திரை போட்டுட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கெளம்பட்டா?"

கிளம்பு என்று சொல்ல எத்தனை நேரமாகும். ஆனால் அங்கே யாராவது குப்பியைத் திறந்து பார்ப்பார்கள்.

"அதான் போட்டாச்சுல்ல, பேசாம படு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"சீக்கிரம் வாக்கா."

பஸ்ஸில் நாலரை மணி நேரம். அதற்குள் பக்கத்து அறைப் பெண் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள். கை கால் முழுக்க ஊதாத் திட்டுகள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. எதுவுமே இல்லை.

மாத்திரையை மாற்றியது நான். போகவிடாமல் படுக்க வைத்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள். அப்படியே ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துக்கொண்ட நர்ஸையும் விசாரியுங்கள், சார். நினைவு தப்பும்வரை "எங்கக்காவக் கூப்பிடுங்க, அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாளாம். என்னைவிட்டால் அவளுக்கு வேறு யார் இருந்தார்கள், நீங்களே சொல்லுங்கள்.