எஞ்சின் உட்கார்ந்த ஞாயிறு

எங்கள் வீட்டுக் கராஜ் சின்னது. ஒரு காரை உள்ளே விட்டால், அதைச் சுற்றி வருவதற்கு வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் வேலை செய்ய அது வசதி. கையை நீட்டினால் எல்லாம் எட்டும்.

சார்ஜென்ட் ப்ரிட்சார்ட், நேற்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். ஆறு போல்ட்டும் எப்படி முழு அளவுக்கு இறுகியிருந்தன என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். முதல் வாக்குமூலத்தில் நான் கொடுத்தது சுருக்கம். இதை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் டெஸ்மண்ட் ட்ரான்டர். க்ராட்லி ஹீத்தில் பிறந்தேன், இன்னமும் அங்கேதான் இருக்கிறேன். கப்பல் சங்கிலி செய்யும் ஆலை ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் பரிசோதகராக இருந்தேன். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய சங்கிலி எதுவும் கடலில் அறுந்ததில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நான் எப்படி வேலை செய்கிறவன் என்று தெரிந்தால்தான் மற்றது புரியும்.

இறந்துபோன ராய்ஸ்டன் பார்டோ என் மனைவி ஹேஸலின் தம்பி. பேருந்து ஓட்டினான். நல்லவன். அவன் வந்து உட்கார்ந்தால் ஹேஸல் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். என்னால் அவளை ஒரு தடவைகூட அப்படிச் சிரிக்க வைக்க முடிந்ததில்லை. அவனுக்கு ஒரு குறை உண்டு. எதையும் முடிக்க மாட்டான். அவன் வீட்டுக் குளியலறையில் பாதிச் சுவருக்குத்தான் ஓடு பதித்திருக்கும். தோட்டத்தில் பாதிப் படகு கிடக்கிறது. இரண்டு கல்யாணங்களையும் அதே மாதிரிதான் விட்டான்.

அந்தக் காரைக் கண்டுபிடித்தது அவன்தான். கிடர்மின்ஸ்டர் பக்கம் ஒரு வயலில் கிடந்தது. 1989-இல் செய்த ஹேட்ச்பேக், பின்கதவு தூக்கித் திறக்கிற சின்ன வண்டி. பின் இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பழைய எஞ்சினுக்கு அறுபது குதிரைச் சக்தி. அதுவும் துருப்பிடித்து இறுகிவிட்டது. பின்னால் இடிபட்டு உடைப்புக் கடைக்கு வந்த இன்னொரு காரிலிருந்து டர்போ எஞ்சின் ஒன்றை எடுத்தோம். ஏழு வயதுதான். நூற்று நாற்பது குதிரை. பழைய வண்டிக்குள் அதை உட்கார வைப்பது என்று முடிவு.

பதினோரு மாதம், ஞாயிறு தவறாமல் வேலை செய்தோம். எஞ்சின் அறையில் தகட்டை வெட்டினோம், மின்கம்பிகளை மாற்றினோம், டர்போவுக்குக் காற்றுக் குழாய் போக முன்விளக்கின் பின்னால் வழி செய்தோம். புது எஞ்சினின் முகமும் பழைய கியர்பாக்ஸின் முகமும் பொருந்தாது. இரண்டுக்கும் நடுவே ஒரு தகடு வேண்டும். ராய் அதைக் கண்ணால் அளந்து அரம் போட்டுவிட்டான். நான் புதிதாக ஒன்று செய்தேன். எஞ்சினைத் தாங்கும் இரும்பைத் தலைகீழாகப் பற்றவைத்தான். நான் வெட்டி எடுத்து மறுபடி வைத்தேன். கோபப்பட்டேனா என்று கேட்டீர்கள். இல்லை. குறித்துவைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

"மாப்ளே, அரை மில்லிமீட்டருக்கு இப்படி அழுவுறியே. காரு என்ன நிலாவுக்கா போவுது?" என்பான்.

"அரை மில்லிமீட்டர் தப்புனா தண்டு தேஞ்சிடும், ராய்."

"தேயட்டுமே. நீயுந்தான் தேஞ்சு போயிட்ட. உன்ன எங்க அக்கா வித்தா போட்டா?"

அக்டோபர் மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மதியம் பன்னிரண்டரை இருக்கும். ஹேஸல் ஆட்டுக்கறியை அடுப்பில் வைத்திருந்தாள். கராஜ் வரை வாசனை வந்தது.

காரின் முன்பக்கம் இரண்டு இரும்புத் தாங்கிகள் மேல் நின்றது. கியர்பாக்ஸைக் கீழிருந்து ஜாக் தாங்கியது. எஞ்சின் மேலே கைக் கிரேனின் சங்கிலியில் தொங்கியது. கியர்பாக்ஸின் தண்டு கிளட்ச் தட்டின் பல்லுக்குள் நுழைந்து, இரண்டு முகங்களும் ஒட்ட வேண்டும். மூன்று ஞாயிறாக அது நடக்கவில்லை. ஒரு விரல் இடைவெளி. அதற்குமேல் அசையாது. ராய் காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கியர்பாக்ஸைத் திருப்பிக்கொண்டிருந்தான். நான் மேலே நின்று தோளால் எஞ்சினைத் தள்ளினேன்.

"தள்ளு மாப்ளே, தள்ளு. பிரசவம் பாக்குற மாதிரி இருக்குடா."

"நீ தண்ட நேராப் பிடி."

"தல தெரியுது. இன்னும் ஒரே முக்கு."

நான் முழுப் பலத்தையும் போட்டேன். உள்ளே போனது. அது போன விதத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பதினோரு மாதத்தில் முதல் தடவையாக எதுவும் எதையும் எதிர்க்கவில்லை. இடைவெளி மூடிக்கொண்டது. விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு தாள்கூட நுழையாது.

நான் தள்ளிய வேகத்தில் இடதுபக்கத் தாங்கி சாய்ந்துவிட்டது. காரின் உடல் இடதுபுறமாகக் கீழே இறங்கியது. கதவுக்கு அடியில் இருக்கும் இரும்பு விளிம்பு ராயின் நெஞ்சின்மேல் உட்கார்ந்தது. எஞ்சின் கிரேனிலும் கியர்பாக்ஸ் ஜாக்கிலும் இருந்ததால் இரண்டும் அசையவில்லை. அதை முதலில் பார்த்தேன்.

ராய் முதலில் சொன்னது இது: "மாப்ளே... எஞ்சின விட்றாத."

இதை அவன் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். விளையாட்டாகச் சொல்லியிருக்கலாம். சிரித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் சொன்னான்.

காரைத் தூக்க ஜாக் வேண்டும். ஜாக் கியர்பாக்ஸின் அடியில். அதை உருவினால் கியர்பாக்ஸின் எடை முழுவதும் தண்டின்மேல் விழும். கிளட்ச் தட்டு போய்விடும், தண்டும் வளையும். ஆறு போல்ட்டையும் பூட்டிவிட்டால் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே பொருள். கிரேன் இரண்டையும் தாங்கும். ஜாக் விடுதலை. ஆகவே போல்ட் முதலில். இதில் தவறான யோசனை எதுவும் இல்லை. வேண்டுமானால் உங்கள் மெக்கானிக்கைக் கேளுங்கள்.

ஹேஸலின் காரில் இன்னொரு ஜாக் இருந்தது. வாசலில், இருபது அடி தூரத்தில். தெரியும். நான்தான் அதை அங்கே வைத்து, எப்படிப் பிடிப்பது என்றும் அவளுக்குக் காட்டியிருந்தேன். ஆனால் அதை எடுக்கப் போனால் எஞ்சினிலிருந்து தோளை எடுக்க வேண்டும். எஞ்சின் ஒரு நூலளவு பின்னால் வந்திருக்கும்.

மேல் போல்ட்டை முதலில் போட்டேன். பிறகு அதற்கு நேர் எதிரே கீழ்ப் போல்ட். அந்த வரிசையில்தான் போட வேண்டும்.

"தூக்கு, மாப்ளே," என்றான்.

"ரெண்டு முடிஞ்சுது. நாலு இருக்கு."

"மூச்சு... வரல."

"பேசாத. பேசுனா மூச்சு வீணாகும்."

மூன்றாவது போல்ட் கொஞ்சம் முரண்டு பிடித்தது. ராய் தன் கையிலிருந்த ஸ்பேனரால் தரையைத் தட்ட ஆரம்பித்தான். இரண்டு தட்டு, நிறுத்தம், இரண்டு தட்டு. நான்காவதைப் போடும்போது ஹேஸல் பக்கக் கதவுக்கு வெளியே வந்து நின்றாள்.

"டெஸ், கறி வெந்தாச்சு. ரெண்டு பேரும் கை கழுவுறீங்களா?"

"பத்து நிமிஷம். கதவத் தொறக்காத, எஞ்சின் தொங்குது."

"ராய் சத்தத்தையே ஏன் காணோம்? அது என்ன, தட்டுற சத்தம்?"

"வேலை செய்யுறான்."

"அதிசயந்தான்," என்று சிரித்துக்கொண்டே போனாள். என் பேச்சுக்கு அவள் சிரித்தாள். அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஐந்தாவதும் ஆறாவதும் சிரமம் தரவில்லை. பிறகு அளவு ஸ்பேனரை எடுத்தேன். கையால் இறுக்கியதோடு விட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் கையால் இறுக்கிய போல்ட்டை நம்பி அத்தனை எடையைத் தொங்கவிட்டு, அது நழுவினால், கீழே இருப்பது ராய். அவனுடைய பாதுகாப்பையும் பார்க்க வேண்டியிருந்தது. சரியான இறுக்கம் வந்ததும் அந்த ஸ்பேனர் 'க்ளிக்' என்று ஒலிக்கும். ஆறு க்ளிக். நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் தட்டுவது நின்றது. அது உதவியாகத்தான் இருந்தது. கடைசி இரண்டும் தெளிவாகக் கேட்டன.

ஜாக்கை உருவினேன். விளிம்புக்கு அடியில் வைத்து ஏற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவனை வெளியே இழுத்துப் போட்டு, நெஞ்சை அழுத்தினேன், ஹேஸலைக் கூப்பிட்டேன். ஆம்புலன்ஸ் எட்டு நிமிடத்தில் வந்தது. நல்ல பிள்ளைகள். முடிந்ததைச் செய்தார்கள்.

தாங்கி சாய்ந்ததிலிருந்து ஜாக்கை உருவியதுவரை பதினான்கு நிமிடம். சுவரில் கடிகாரம் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் சொல்கிறேன். முதல் வாக்குமூலத்தில் 'உடனே தூக்கினேன்' என்று எழுதிக் கொடுத்தேன். அதைப் பொய் என்கிறீர்கள். எஞ்சின் முடிந்த உடனே தூக்கினேன். ஒரு விநாடி தாமதிக்கவில்லை.

ஹேஸல் இப்போது அவளுடைய அத்தை வீட்டில் இருக்கிறாள். தினமும் காலையில் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாள். "அந்தத் தட்டுற சத்தம் என்ன, டெஸ்?" வேலை செய்துகொண்டிருந்தான் என்றே சொல்லிவருகிறேன். நீங்கள் இதை அவளிடம் படித்துக் காட்டுவீர்கள் என்று தெரியும். படித்துக் காட்டுங்கள். இனி அந்தக் கேள்வி வராது.

எஞ்சினா ஆளா என்று வந்தபோது ஏன் எஞ்சினைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று நேற்று எழுந்து போகும்போது கேட்டீர்கள். நீங்கள் கோபமாக இருந்ததால் பதில் சொல்லவில்லை. நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, சார்ஜென்ட். வேலைக்கு ஒரு வரிசை உண்டு. ராயை நான் கைவிடவில்லை. அவன் முறை வரும்வரை காத்திருக்கச் சொன்னேன்.