பட்டிப்பூவும் ஒரு கைதட்டலும்

தலைமைப் பீடத்தைத் தம் பொறுமையால் நிறைத்து அமர்ந்திருக்கும் நாட்டு வைத்தியர் பரியாரியார் வீரகத்தி அவர்களே, காடு வெட்டிக் கண்டாவளையைக் கதிர் விளையும் பூமியாக்கிய பெரியோர்களே, பிள்ளையை இடுப்பிலும் பாயைக் கையிலும் கொண்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, முல்லைத்தீவிலிருந்து இந்த ஒலிபெருக்கியை ஏற்றி வந்து தந்த மஹ்றூப் நானா அவர்களே, என்னை அழைத்து இந்தக் கதிரையில் இருத்திய வாசிகசாலைச் செயலாளர் தம்பி சின்னராசா அவர்களே, உங்கள் அனைவருக்கும் இந்தத் தமிழ் வாத்தியாரின் வணக்கம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, "தமிழர் கண்ட மூலிகை, தரணி வியக்கும் மருந்து." பூநகரியிலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பேச்சை அடுக்கிக்கொண்டே வந்தேன். எதுகை இருந்தது, மோனை இருந்தது, எங்கே நிறுத்தினால் நீங்கள் கை தட்டுவீர்கள் என்ற கணக்கும் இருந்தது. அந்தப் பேச்சு இப்போது என்னிடம் இல்லை. இன்று மத்தியானம் சின்னராசா வீட்டுக் குசினி வாசலில் அதைப் பறிகொடுத்துவிட்டேன்.

என்ன கண்டேன்? விருந்துண்டு கை கழுவப் போன இடத்தில் அடுப்பில் ஒரு பானை கொதிக்கக் கண்டேன். இலையும் பூவுமாய்ப் பொங்கி வழியக் கண்டேன். பக்கத்தில் தம்பியின் மனைவி இரஞ்சிதம் நின்றா. "ஆருக்குப் பிள்ளை கசாயம்?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான் ஐயா. பட்டிப்பூ. புற்றுக்கு" என்று சொல்லிச் சேலைத் தலைப்பைக் கழுத்திலிருந்து மெல்ல விலக்கினா. ஐயோ, என்ன சொல்வேன்? காதுக்குக் கீழே கட்டி, அதற்குக் கீழே இன்னொரு கட்டி.

"கொழும்பில ஊசி போட்டு நல்லா வத்தினது ஐயா. கடலைக்கொட்டை அளவாத்தான் இருந்தது. இப்ப பழையபடி வந்திட்டுது" என்றா.

ஊசியை ஏன் அம்மா நிறுத்தினீர்கள் என்றேன். அவா சொன்னதை அவா வாயாலேயே கேளுங்கள். "மயிர் கொட்டிச்சுது, திண்டதெல்லாம் சத்தி எடுத்தனான். இவருக்கு அதைப் பாக்க ஏலாமப் போச்சு. பிறகு திருவிழாவில எங்கட மேடையில ஒரு ஐயா பேசினவர். கொழும்பில குத்திற மருந்தை எங்கட பட்டிப்பூவிலதானாம் எடுக்கிறது. எங்கட முன்னோர் கண்டதாம், வெள்ளைக்காரன் களவெடுத்ததாம். சனமெல்லாம் கை தட்டிச்சுது. அடுத்தநாளே இவர் மிளகாய்க் கண்டைப் பிடுங்கிப்போட்டு வளவு முழுக்கப் பட்டிப்பூ நட்டவர்."

கேட்டீர்களா? எந்த மேடை அது? இதே மேடை. யார் கேட்டது? நீங்கள் கேட்டது. யார் தட்டியது? பின்னால் என்ன முணுமுணுப்பு? பேசியவர் பெயரா? பெயர் வேண்டாம், அவரைப் போல் நூறு பேர் இருக்கிறோம், இன்று மத்தியானம் வரை நானும் அதைத்தான் பேச இருந்தேன். இங்கே எழுந்த கைதட்டல், அங்கே ஒரு வீட்டு அடுப்பில் பானையாய்க் கொதிக்கிறது.

நான் மருத்துவன் அல்லேன். ஆனால் இந்தப் பேச்சுக்காக வவுனியா சென்று ஒரு டாக்குத்தரிடம் கேட்டறிந்தவன், கேட்டதில் கைதட்டலுக்கு உதவாத பாதியை விட்டுவிட இருந்தவன். ஏட்டிலே நித்தியகல்யாணி என்றும் நம் வளவிலே பட்டிப்பூ என்றும் சொல்லும் இந்தச் செடியிலிருந்து புற்றுக்கு மருந்து எடுப்பது உண்மை. முழு உண்மை. ஆனால் எப்படி எடுத்தார்கள்? நீரிழிவுக்கு உதவுமோ என்று கனடாவிலே இதன் சாற்றை எலிகளுக்கு ஊசியால் ஏற்றினார்கள். எலிகள் செத்தன. இரத்தத்திலே வெள்ளை அணுக்கள் குறைந்து செத்தன. அப்போதுதான் ஒரு கேள்வி பிறந்தது. அணுவைக் குறைக்கும் இந்த நஞ்சு, அளவின்றிப் பெருகும் புற்றையும் குறைக்காதா? அந்த நஞ்சைத் தனியே பிரித்தார்கள், சுத்தம் செய்தார்கள், அளந்தார்கள். நெல் சூடடிக்கும் களம் நிறைய இலை குவித்தால் கிடைப்பது ஒரு சிட்டிகை. அந்தச் சிட்டிகையையும் இரத்தத்தைச் சோதித்துச் சோதித்து நரம்பிலே ஏற்றுகிறார்கள். பானையிலே எந்த அளவு இருக்கிறது? எதைச் சோதித்தோம்? மருந்து போதாமலும் நஞ்சு மிஞ்சியும் போவதற்குப் பெயர் வைத்தியமா?

இன்னொன்று. முன்னோர் கண்டது என்கிறோமே, இந்தச் செடியின் சொந்த ஊர் மடகஸ்கார் தீவு. கப்பலேறி வந்து நம் வேலியோரம் குடியேறிய செடி. ஓம், அங்கே ஒரு பெரியவர் தலையாட்டி மறுக்கிறார். என்னை நம்ப வேண்டாம், தலைவரைக் கேட்போம். பரியாரியார் ஐயா, புற்றுக்குப் பட்டிப்பூ என்று உங்கள் வைத்திய வாகடத்தில் உண்டா?

"இல்லை. குடிக்கவேண்டாம் எண்டு சின்னராசாவுக்குச் சொன்னனான். மேடையில படிச்ச ஆக்கள் சொல்லினம், உங்களுக்கென்ன தெரியும் எண்டு என்னைக் கேட்டவன். ஊசி போடேக்க வாற சத்திக்கு இஞ்சித் தண்ணி நான் குடுப்பன், அதுவும் டாக்குத்தரைக் கேட்டுப்போட்டு."

இதுவல்லவோ வைத்தியம். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்பவர் கையிலே நம் பெருமை பத்திரமாக இருக்கும். பெருமை பேசத் தெரிந்த எங்கள் வாயிலேதான் அது நாறிப்போகிறது.

தம்பி சின்னராசா, தலையைக் குனியாதீர்கள். உங்களை அவமதிக்க நான் இதைச் சொல்லவில்லை. மனைவி படும் வேதனையைப் பார்க்க முடியாமல் நீங்கள் செய்த காரியம் இது. உங்கள் வீட்டுச் சோற்றை உண்டுவிட்டு உங்கள் வீட்டுக் கதையை ஊரறியச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று நினைப்பீர்கள். உரிமை தந்தவ இரஞ்சிதம். நான் புறப்படும்போது வேலி வரை வந்து சொன்னா: "நான் சொன்னா இவர் அழுவார் ஐயா, கேக்கமாட்டார். மேடையில சொன்னாக் கேப்பார். எனக்கு இருக்க ஆசை, ஐயா. நீங்கள் சொல்லுங்கோ."

ஆகவே சொல்கிறேன் தம்பி, மேடையிலிருந்தே சொல்கிறேன். பானையை இறக்குங்கள். அவாவைக் கொழும்புக்குக் கொண்டு போங்கள். இடையில் விட்ட மருந்து மறுபடி பலிக்குமா? எனக்குத் தெரியாது. அதை டாக்குத்தர் சொல்ல வேண்டும். பிந்தும் ஒவ்வொரு நாளும் அந்தக் கழுத்திலே கட்டி வளர்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும். கூட்டிக்கொண்டு போவீர்களா?

ஏன் எழும்பினீர்கள்? மைக் இந்தப் பக்கம் இருக்கிறது தம்பி. சபையோரே, வழி விடுங்கள். செயலாளர் மேடையை விட்டு இறங்குகிறார். தாய்மார் நடுவே இருக்கும் இரஞ்சிதத்திடம் போகிறார். சத்தம் போடாதீர்கள், அவர் அங்கே பேசுகிறார்.

"விடியக் கொழும்புக் கோச்சிக்குப் போவம், இரஞ்சிதம். வெளிக்கிடு" என்கிறார்.

அம்மா, நீங்கள் சொன்னது இங்கே விளங்கவில்லை. பக்கத்தில் இருக்கும் தாயார் யாராவது திருப்பிச் சொல்லுங்கள்.

"உடுப்பெல்லாம் எப்பவோ கட்டி வைச்சிட்டாவாம், ஐயா. அவர் கூப்பிடட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தவவாம்."

என் பேச்சு இத்துடன் முடிந்தது. நன்றியுரை கூற வேண்டியவர் செயலாளர். அவர் இனி மேடைக்கு வரமாட்டார், வரவும் வேண்டாம். அவர் பெயரால் தலைவருக்கும் பெரியோருக்கும் தாய்மாருக்கும் நானே நன்றி சொல்லிக்கொள்கிறேன். பரந்தன் ஸ்டேசன் வரை விடிய வண்டில் கட்டக்கூடியவர் யாராவது இருந்தால், இப்போதே எழுந்து சின்னராசாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். எல்லோருக்கும் என் வணக்கம்.